ஏழாம் பேழையும் முத்திரையில்லா ஓலையும்

வளங்குன்றா நெடுங்குன்ற நாட்டு வேந்தர் அருஞ்சேந்தர் திருவடி நிழலில் வாழும் முதலமைச்சன் ஆதன் கொற்றன், வடமலைக் கோட்டைத் தலைவர் ஏனாதி வில்லங்கண்டருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் நலம்பெறுக. இவ்வரசுக்கு ஒரே வழித்தோன்றலாய்த் தங்கள் காவலில் வளரும் இளவரசி நன்னாகை தீங்கின்றி வாழ்க. வாழ்த்தை இதற்குமேல் நீட்டப் பொழுதில்லை.

அரண்மனையில் புதுப்பொறி நிறுவ வரும் கம்மியர் தலைவனுக்கு, வேலை முடியும்வரை அரச முத்திரை வெட்டிய கணையாழியை அணிவித்து அனுப்புவது நம் வழக்கமென்று தாங்கள் அறிவீர்கள். வாயில்தோறும் பேழைகளைத் திறந்து காலங்கடத்துகிறார்களே என்று சினந்து, கணையாழியோடு வருவோரை முதல் வாயிலுக்கு அப்பால் எவரும் சோதிக்கலாகாது, மறித்தவன் பணியிழப்பான் என்று சென்ற ஆண்டு கட்டளையிட்டவன் நானே.

நேற்று முற்பகல், கருவூலத்துக்குப் புதுப்பூட்டு அமைக்கக் கம்மியன் எழினி ஆறு பேழைகளுடன் வந்தான். முதல் வாயிலில் ஆறும் சோதிக்கப்பட்டன. பின்னர், ஊரார் எவரும் வந்துபோகும் வெளிமண்டபத்தில் அவற்றை இறக்கிவைத்து, அவனும் ஆட்களும் நீர் அருந்தினர். எழுந்தபோது பேழைகள் ஏழு. சுமப்பவரும் ஒருவர் கூடுதல். அரண்மனை தந்த ஆளென்று எழினி எண்ணினான். எழினியின் ஆளென்று அரண்மனையார் எண்ணினர். உள்வாயில் காவலன் சாத்தன் மட்டும் ஆறு ஏழானதைக் கண்டும், முன்னே செல்லும் கணையாழியைப் பார்த்து, என் கட்டளைக்கு அஞ்சி வழிவிட்டதாக அழுதுகொண்டே உரைத்தான். அவனை எப்படிக் கடிவேன்? அவன் வாயை அடைத்தவன் நானல்லவா!

கைகளில் எண்ணெய் படிந்ததால் எழினி கணையாழியைக் கழற்றி அருகில் வைத்திருக்கிறான். மாலையில் அது பழுதின்றி என்னிடம் வந்தது. ஆனால் அதன் வெட்டுகளில் மெழுகு ஒட்டியிருந்தது. நாம் அரக்கிலன்றி மெழுகில் முத்திரை பதிப்பதில்லை. ஏழாம் பேழை வெறுமையாய்க் கிடக்கிறது, சுமந்தவனைக் காணவில்லை. அச்செடுத்துச் சென்ற அவன், இனி நினைத்த ஓலையை மன்னர் முத்திரையோடு விடுக்க வல்லான். முதலில் எதைக் கேட்பான் என்பதை நான் அறிவேன். இளவரசியை ஒப்படைக்கச் சொல்லித் தங்கள் வாயிலுக்கு ஓர் ஓலை வரும்.

ஆகவே, மன்னர் நேரில் வந்தாலன்றிக் கதவைத் திறவற்க. என் கையெழுத்திலேயே ஓலை வரினும் திறவற்க; கழுத்தில் வாள் வைத்தால் எழுதிக் கொடுத்துவிடுவேன், நான் அத்துணை வீரனல்லன். இவ்வோலையையே நம்பலாமோ என்று தாங்கள் ஐயுறுவதும் தகும். இது பொய்யாயினும், கதவு அடைத்திருப்பதால் குழந்தைக்குக் கேடில்லை. அது கருதியேனும் இதன்படி நிற்க.

இஃது ஆதன் கொற்றன் ஆணை. இதற்கு முத்திரை இடவில்லை. முத்திரையோடு வருவது எதுவும் இனி நம்முடையதன்று.