மைக் அணைக்காத சாயங்காலம்

அம்மா,

கோயில் மைக் இப்போது என் மடியில் இருக்கிறது. அதன் தலையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சில் இன்னும் சின்ன வெங்காய வாசனை அடிக்கிறது. நீ போய் நான்கு மாதமாகிறது. நான்கு மாதம் ஒரு வாசனை தங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால், நீ வெங்காயக் காட்டிலிருந்து வந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஓடிய சாயங்காலங்கள் எல்லாம் வருகின்றன.

அப்பா தூங்கிவிட்டார். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில், செல்போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் பாதி மூடிவைத்து எழுதுகிறேன். எழுந்து வந்து கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்கு எழுதுகிறேன் என்றால் அவர் அழுவார். பயமாக இருக்கிறது என்றால், "அப்ப வேணாம் விடு சாமி" என்பார். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

பயம் நாளைச் சாயங்காலத்தைப் பற்றியது. ஆறு மணிக்கு நம் கோயிலில் நான் ஜெபமாலை சொல்ல வேண்டும். நீ நின்ற இடத்தில் நின்று, நீ பிடித்த மைக்கைப் பிடித்து.

எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் பயமில்லை. நீ போன நாளிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை அம்மா. வார்த்தை வருகிறது. ஆனால் அந்தப் பக்கம் யாரும் போனை எடுக்காமல், மணி மட்டும் அடித்துக்கொண்டே இருப்பது போல் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குக் கோயில் உச்சியில் இருக்கும் கூம்பு ஸ்பீக்கரில் என் குரல் போகும்போது, இவள் சும்மா வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், இவளுக்கும் இயேசுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஊர் முழுவதற்கும் தெரிந்துவிட்டால் என்ன செய்வேன்?

உன்னைப் பற்றி ஊருக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை. எப்படி வரும்? ஊரே காது கொடுத்துக் கேட்டதே!

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். நான் எட்டாவது படித்தேன். நம் ஊருக்குப் பூசை வைக்கச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் கதவைத் திறப்பது, கூட்டுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, ஜெபமாலை சொல்வது எல்லாம் நீதான். அன்றைக்கும் சொல்லி முடித்தாய். வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கலைந்தார்கள். நான் பசி தாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். நீ பீடத்தைத் துடைத்துவிட்டு வரலாம் என்று நின்றாய். அந்தச் சுவர்ப்பலகையில் மைக் சுவிட்சும் ஃபேன் சுவிட்சும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நீ அணைத்தது ஃபேனை.

நான் சோற்றுப் பானையைத் திறக்கிறேன், கூம்பிலிருந்து உன் குரல் கேட்கிறது. ஜெபம் சொல்கிற குரல் இல்லை. காட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுகிற குரல்.

"அப்பாடா, முடிஞ்சிச்சு ஆண்டவரே. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. காலையிலேந்து குந்துனவாக்குல வெங்காயம் கிள்ளிக் கிள்ளி நகமெல்லாம் எரியுது. இருங்க, இந்த மெழுகச் சொரண்டிட்டு வரேன்."

கொஞ்ச நேரம் மெழுகு சுரண்டுகிற சத்தம். அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.

"அப்புறம் எங்க வூட்டுக்காரரு. முட்டி வலிக்குதாம், கோயிலுக்கு நடக்க முடியலியாம். டீக்கடைக்கு மட்டும் அந்த முட்டி எப்படி நடக்குதுன்னு நீங்களே கேளுங்க. நான் கேட்டா சண்டதான் வரும்."

அப்பா அப்போது டீக்கடையில்தான் இருந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவர் முட்டியைத் திரும்பிப் பார்த்தார்களாம். கடைக்காரர், "மாமா, முட்டிக்கு ஒரு டீ போடவா?" என்று கேட்டாராம். அப்பா குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நொண்டியே ஆக வேண்டிய நிலைமை அவருக்கு.

நான் செருப்பில்லாமல் கோயிலுக்கு ஓடினேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள். "ஏ புள்ள, எங்க ஓடுற? இன்னும் முடியல, கேப்போம் இரு," என்று ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். தலைக்கு மேலே நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

"எம்பொண்ணு இருக்காளே, ஜெபம் சொல்றப்ப வாய மட்டும் அசைக்கிறா. நான் பாத்துட்டேன். நீங்களும் பாத்திருப்பீங்க. விட்டுருங்க. பசியில நிக்கிறா, பாவம்."

நடுத்தெருவில் என் கால் நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் செல்வி அக்கா விஷயம் வந்தது.

எதிர்வீட்டுச் செல்வி அக்கா. அவர்கள் வீட்டில் மாரியம்மன் படம், நம் வீட்டில் மாதா படம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தண்ணீர்க் குழாய். மூன்று நாளாக நீங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

"குழாயடியில செல்வி குடத்தப் பின்னாடி தள்ளி வச்சது நாந்தான் ஆண்டவரே. வேலைக்கு நேரமாச்சுன்னு வச்சேன். அவ கேட்டப்ப இல்லவே இல்லன்னு சாதிச்சுட்டேன். தப்பு எம்மேலதான். ஆனா நானா எப்படிப் போய்ப் பேசறது? வெக்கமா இருக்கு. நீங்க அவள வரச் சொல்லுங்களேன்."

நான் கோயில் வாசலை அடைவதற்குள் செல்வி அக்கா அங்கே வந்துவிட்டிருந்தார். ஈரக் கை, இடுப்பில் தூக்கிச் செருகிய சேலை.

"வந்துட்டேன்டி."

நீ திடுக்கிட்டுத் திரும்பினாய். "உன்ன யாரு வரச் சொன்னா?"

"நீதான் சொன்ன. ஒன் சாமி வந்து சொல்றதுக்குள்ள கூம்பு சொல்லிடுச்சு."

நீ மைக்கைப் பார்த்தாய். ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு சிலுவையை நிமிர்ந்து பார்த்து, "நீங்களாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாய். அதுவும் ஊருக்குக் கேட்டது. தெருவிலிருந்து எழுந்த சிரிப்பு கோயிலுக்குள் வந்தது. செல்வி அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மைக்கை அணைத்தது நான்தான்.

ஒரு வாரம் நீ தலை நிமிராமல் நடந்தாய். ஊர் விடுமா? வெங்காயக் காட்டுச் சொந்தக்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், நீங்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் உன் பக்கத்தில் இருந்தேன்.

"ஏம்மா, உங்க சாமி அவ்வளவு பக்கத்துலயா இருக்காரு? கிசுகிசுன்னு பேசுறியாமே?"

நீ வெட்கப்படுவாய் என்று நினைத்தேன். நீ கையை நிறுத்தாமல், "இந்தா, வரிசையிலதான் உக்காந்திருக்காரு. கூடவே வெங்காயம் கிள்றாருங்க," என்றாய்.

அவர் வானத்தைப் பார்த்தார். "அப்ப அவரக் கொஞ்சம் வெரசாக் கிள்ளச் சொல்லு. மழ வருது."

அந்த வரிசை முழுவதும் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. மழைக்கு முன்னால் வேலை முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவரே பிறகு உன்னிடம், "சொன்னியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு உன்னிடம் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள். "எங்க மாமியாருக்கு இருமலு. ஒன் ஆளுகிட்டச் சொல்லி வையி," என்பார் செல்வி அக்கா. "நீயே சொல்லேன்டி. அவருக்குத் தமிழ் தெரியும்," என்பாய் நீ.

எனக்கு அப்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போன அன்று, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு உன்னிடம் கேட்டேவிட்டேன். "எப்பப் பாத்தாலும் நீயே பேசிக்கிட்டிருக்கியே, அவரு என்னிக்காவது பதில் சொல்லிருக்காராம்மா?" நீ யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறும்போதே, "ஆண்டவரே, ஒரு சீட்டு. புள்ளைக்கு மயக்கம் வரும்," என்றாய். சீட்டும் கிடைத்தது. உன் மடியில் நான் பாதி, சீட்டில் பாதியாக உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். நீ அவளைப் பார்த்தாய். ஜன்னலைப் பார்த்தாய். மறுபடியும் அவளைப் பார்த்தாய். ஒரு பெருமூச்சு விட்டு என்னையும் எழுப்பிக்கொண்டு எழுந்தாய்.

"கேட்டியே, பதில் சொல்லுவாரான்னு. இப்ப சொல்றாரு. குடுத்தவரே எந்திரிங்கறாரு. இதுக்கு அவரு பேசாமயே இருந்திருக்கலாம்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ முணுமுணுத்தபோது உன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு மயக்கமும் வரவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் என் பயம் உனக்குப் புரியாது. கடைசி நாட்களில் உனக்குப் பேச மூச்சுப் போதவில்லை. ஜெபமாலையை என் கையில் வைத்து, "நீ சொல்லு," என்றாய். எனக்குக் குரல் வரவில்லை. நீ ஏமாந்துவிடக் கூடாதே என்று, மணியை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"பசிக்குதா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உனக்கு இருமல் வரும் அளவுக்குச் சிரித்தோம். நர்ஸ் வந்து, "பேஷண்ட சிரிக்க வைக்காதம்மா," என்று என்னைத் திட்டினார். அடுத்த நாள் நீ இல்லை. அதிலிருந்து என் ஜெபம் வாய் அசைவதோடு நின்றுவிட்டது.

ஊரில் நடந்ததையும் சொல்கிறேன். நீ ஆண்டவரிடம் கேட்டது நடந்துவிட்டது. அப்பா தினமும் கோயிலுக்கு நடக்கிறார். சாவி அவரிடம்தான். ஆனால் அவருக்கு ஜெபமாலை சொல்ல வராது, சொல்ல ஆரம்பித்தால் உன் ஞாபகம் வந்து நின்றுவிடுகிறார். அதனால் செல்போனில் யாரோ சொன்ன ஜெபமாலையைப் போட்டு, மைக் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். போன வாரம் ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணியை உருட்டி முடிக்கும் நேரத்தில் ஒரு பெண் குரல், "முடி கொட்டுதா? கவலைய விடுங்க!" என்று ஊர் முழுக்கக் கேட்டது. விளம்பரம். அப்பாவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. முன்வரிசையில் முழு வழுக்கையாக இருந்த பெரியவர், "இப்பக் கேட்டு என்ன புண்ணியம்?" என்றார். கோயிலே குலுங்கியது. நீ இருந்திருந்தால் பீடத்துப் பக்கம் திரும்பி ஏதாவது சொல்லியிருப்பாய்.

இன்று ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு யாரோ போன் செய்தார்கள். கூம்பில் சினிமாப் பாட்டு ஒலித்தது. அப்பா வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் செல்வி அக்கா வாசலில் நின்றார்.

"அண்ணே, போனப் பேச விட்டது போதும். நாளைக்கு இவ சொல்லட்டும்."

"எனக்கு வராதுக்கா," என்றேன்.

"கோயிலுக்கே வராத எனக்குப் பாதி மனப்பாடம். ஒனக்கு வராதா? சாயங்காலம் ஒங்க வூட்டுக் கொரலு கேட்டாத்தான்டி நான் ஒல வைப்பேன். நாலு மாசமா எந்நேரம் வைக்கிறேன்னே தெரியல."

அப்பா திரும்பக் கோயிலுக்குப் போய், மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நீ சொன்னாச் சொல்லு. இல்லன்னா பொட்டியில வச்சுப் பூட்டிடறேன். எனக்கு முடியல." நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். 

இதையெல்லாம் உனக்கு எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்று பெரம்பலூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. கையில் புத்தகப் பை, டிபன் டப்பா, ரேஷன் பை. வெயிலில் தார் ரோடு கொதித்தது. நான் சத்தமாகவே, "ஆண்டவரே, இதுவும் இன்னிக்கேதானா? நாளைக்கு அறுத்தா என்னவாம்?" என்று கத்திவிட்டு, ஒரு காலில் செருப்போடு வீடு வரைக்கும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். யாருமே இல்லாத இடத்தில் நான் யாரைத் திட்டினேன்?

அதிலிருந்து பின்னால் போய் யோசிக்கிறேன். நேற்று கணக்கு வகுப்பில், "என்னிய எழுப்ப வேணாம்னு சாருகிட்டச் சொல்லுங்க." முந்தாநாள் அடுப்படியில், "சோறு குழையாமப் பாத்துக்கங்க, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு, அதான் கஷ்டமா இருக்கு." போன வாரம் அந்த முடி விளம்பரம் வந்தபோது, சிரித்து முடித்து, "அம்மாவுக்கு இது கேட்டிருக்குமா?" என்று அவரிடம்தான் கேட்டேன். முழங்காலில் நின்று தேடிய நேரமெல்லாம் ஆளைக் காணோம் என்று அழுதிருக்கிறேன். மற்ற நேரம் முழுக்க அவரைப் பேச விடாமல் நானே பேசியிருக்கிறேன். இப்படியும் ஒரு மடச்சி இருப்பாளா அம்மா? தலையணையில் வாயை வைத்துச் சிரிக்கிறேன். அப்பா புரண்டு படுக்கிறார்.

பயம் போகவில்லை. நாளைக்கு முதல் பத்து மணியிலாவது என் குரல் நிச்சயம் நடுங்கும். நடுங்கட்டும். செல்வி அக்கா உலை வைத்துவிடுவார். நீயும் தைரியசாலி ஒன்றும் இல்லையே. இடி இடித்தால் என்னைக் கட்டிக்கொள்கிறவள்தானே நீ. பயந்தால் பயமாக இருக்கிறது என்றும், கோபம் வந்தால் கோபம் என்றும், தப்புச் செய்தால் தப்பு என்றும் வேலை செய்துகொண்டே அவரிடம் சொல்லிவிடுவாய். உன்னிடமிருந்து என்னோடு வந்திருப்பது அந்த ஒரு பழக்கம்தான் போலிருக்கிறது. எனக்கே தெரியாமல் வந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது என்று உன்னிடம் ஆறு பக்கம் எழுதிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ இருந்தால், "எங்கிட்ட எதுக்குடி சொல்ற?" என்றிருப்பாய்.

கொஞ்சம் இரு அம்மா. அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.