பீரோவில் புளித்த நெக்ரோனி

உங்கள் பீரோவைத் திறந்தால் இன்னும் அந்துருண்டை வாசனைதான் வருகிறது. நேற்று சாயங்காலம் அதோடு ஒரு புளித்த நெடியும் வந்தது. பட்டுவேட்டிக்கு அடியில், மூடி சரியாக இறுகாமல், அந்த வெர்மூத் பாட்டில். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

லீவுக்கு வந்திருக்கும் நம் மகள்தான் கேட்டாள். "அப்பா எனக்கு நெக்ரோனி கலந்து தரேன்னு சொல்லிட்டே இருந்தாரே, நாமளே பண்ணலாமாம்மா?"

நீங்கள் மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்தது மூன்று பாட்டில். ஜின், சிவப்பாக ஒரு கசப்பு மது, இந்த வெர்மூத் ஒயின். மூன்றும் சமமாக, ஐஸ் போட்டு, மேலே ஆரஞ்சுத் தோல், அதுதான் நெக்ரோனி. கொண்டுவந்த அன்றே இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றினீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, நிலவேம்புக் கஷாயமே தேவலை என்றேன்.

"அரே, சும்மா இரு. மூணாவது வாய்ல பிடிபடும்."

பிடிபடத்தான் செய்தது. மறுவாரம் நானே கேட்டேன். "மெயின்லேண்ட் சாமான், சும்மா காலி பண்ணக் கூடாது. பாப்பா வரட்டும்" என்று பூட்டி வைத்துவிட்டீர்கள்.

கப்பல் வராவிட்டால் வெங்காயத்துக்கே அல்லாடும் தீவில் பிறந்து வளர்ந்தவருக்கு எதையும் பதுக்கி வைக்கும் புத்தி வரத்தான் செய்யும். ஆனால் டார்ச் பேட்டரியை ஃப்ரிட்ஜில் வைத்த மனுஷனுக்கு, திறந்த ஒயினை வேட்டிக்கு அடியில் வைக்க எப்படித்தான் தோன்றியதோ.

மகள் முகர்ந்து பார்த்தாள். "தொறந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் முடிச்சிடணும்மா. இது வினிகராயிடுச்சு."

கொட்டிவிடு என்றேன். கேட்கவில்லை. கடையில் ஆரஞ்சு இல்லை, எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் போட்டாள். மூன்றையும் சமமாக ஊற்றிக் குடித்தாள். முகம் கோணிக்கொண்டு போனது, ஆனாலும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா எனக்குன்னு வெச்சதும்மா. நான்தான் அடுத்த லீவு, அடுத்த லீவுன்னு தள்ளிட்டே இருந்தேன். வந்தப்ப அப்பாவ ஹால்ல படுக்க வெச்சிருந்தீங்க." சொல்லிவிட்டு அழுதாள்.

அவளை நான் என்ன சொல்ல? ஒவ்வொரு தடவையும் போனில், "ஒண்ணும் அவசரமில்ல பாப்பா, ஆராம்சே வா" என்றது நீங்கள்தானே. பாட்டிலுக்கும் அவசரமில்லை, பிள்ளைக்கும் அவசரமில்லை. உங்களுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

அழுகிற பெண்ணைத் திட்ட வாய் வரவில்லை. அதனால் உங்களைத் திட்டுகிறேன். எவ்வளவு திட்டினாலும் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "முடிஞ்சுதா? டீ போடட்டுமா?" என்று கேட்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். இன்று காலை அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது சமையலறையில் நின்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன். தீர்த்துவிட்டு, நீங்கள் கேட்பீர்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன்.