பெயரோடு எழுதிய ஜெபம்

ஜூலை 8, செவ்வாய்.

சபைப் பெண்கள் பத்துப் பேருக்காகத்தான் வலைப்பூவில் ஜெபக் குறிப்பு எழுதுகிறேன். பெயர் சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். கீழ்வீட்டு கிரேஸுக்கு வலிப்பு வருவதை நேற்று அப்படியே எழுதினேன். அவள் பனியன் கம்பெனியில் டெய்லர். அங்கே தெரிந்தால் மிஷினில் உட்கார விடமாட்டார்கள்.

ஞாயிறன்றுதான் வலைப்பூவை, பலர் பல சர்வர்களில் நடத்தும் சமூக வலைத்தளத்தோடு நானே இணைத்திருந்தேன்; இங்கே எழுதுவதெல்லாம் அங்கேயும் போகும் என்று யோசிக்கவில்லை. இன்று பார்த்தால் முன்பின் தெரியாதவர்கள் அந்தக் குறிப்பைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஒருவர் எங்கள் திருப்பூர்க்காரரே. உடனே அழித்தேன். என் பக்கத்தில் போய்விட்டது. ஆனால் வேறு இரண்டு சர்வர்களில் அதன் பிரதி அப்படியே நிற்கிறது. அழிக்கச் சொல்லி அவற்றை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். பதில் இல்லை.

சாயங்காலம் கிரேஸிடம் சொல்லிவிட்டேன்.

"ஜெபம் பண்ணத்தானக்கா சொன்னேன்? ஊருக்கு நோட்டீஸ் அடிக்கவா சொன்னேன்?"

அவளே மெதுவாக, "வேற யாரும் சொல்லதுக்கு முன்ன, நாளைக்கு நானே சூப்பர்வைசர்ட்ட சொல்லிருதேன்" என்றாள்.

"நானும் கூட வாரேன்."

"நீங்க வராண்டாம்க்கா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆண்டவரே, அந்த மிஷினை அவளிடமிருந்து எடுத்துவிடாதேயும்.