கண்ணாடிக்குள் மூன்று கோடு

அண்ணை,

கதவைத் திறந்ததும் ஈரக் கல்லுத்தூள் மணம் முகத்தில் அடித்தது. கலியாண வீட்டுப் பந்தியில்கூட உங்கள் காதுமடலில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே மணம். உங்கள் முதலாளி, நீங்கள் ‘கிழவர்’ என்று சொல்லும் அந்த ஜப்பானியச் சிற்பி, இருந்து செத்த வீட்டை இப்போது அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். உள்ளே போகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். எங்களுக்கு அது புதிதில்லைத்தான். ஆனால் என் சொக்ஸின் ஓட்டையால் பெருவிரல் எட்டி மொன்றியல் முழுவதையும் பார்த்தது. பக்கத்தில் உங்கள் மனுசி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, மூக்கை உறிஞ்சியபடி நின்றா. தடிமன் என்று எனக்குச் சொன்னா.

அக்காதான் ரெலிபோன் எடுத்துக் கூப்பிட்டது. நீங்கள் போன பிறகு அவ எங்கேயும் போக ஆசைப்பட்டதில்லை. “தம்பி, கிழவற்றை வீட்டைத் திறந்திட்டினமாம். இவர் கடைசியாத் திருநீறு பூசின கல்லு அங்கை இருக்கோ எண்டு பாக்கவேணும். ஒருக்காத் தொட்டுப்போட்டு வந்திடுவன்.” உங்கள் சாம்பலை ஆற்றில் கரைத்தாயிற்று. உங்கள் கை பட்டது என்று இந்த ஊரில் மிச்சமிருக்கக்கூடியது அந்தக் கல் ஒன்றுதான்.

நீங்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் சனம் உங்களைச் சும்மா விட்டதா? கோயிலில் ஒருத்தர், பின்னர் கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கினவர், என்ன வேலை என்று கேட்டார். சிற்ப வேலை என்றீர்கள். கோபுர வேலையோ என்று பக்தியோடு குனிந்தார். ஜப்பான்காரனுக்குக் கல்லு மினுக்கிறன் என்றதும் நிமிர்ந்து, தன் மகனின் மார்க்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். கிழவரோடு எந்தப் பாசையில் கதைப்பீர்கள் என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். “ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு வராது. அதாலை இதுவரைக்கும் சண்டை இல்லை” என்றீர்கள்.

புதுக் கார் வாங்கினால் திருநீறு பூசி, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்காமல் எங்கள் ஆட்கள் வீதிக்கு எடுப்பார்களா? நீங்களும் கிழவர் வீட்டில் வந்திறங்கிய முதல் கல்லுக்கு, லாசாலில் உங்கள் வீட்டுச் சாமியறையிலிருந்து கொண்டுபோன திருநீற்றைக் குழைத்து மூன்று குறி இழுத்தீர்கள். கிழவர் பார்த்துக்கொண்டு நின்றாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். அடுத்த கல் வந்தபோது நீங்கள் மறந்துபோய் உளியை எடுக்க, அவர் உங்கள் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாராம். பேந்து ஒவ்வொரு கல்லுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. செதுக்கத் தொடங்கினால் குறி தூளாய்ப் போய்விடும். கடைசிக் கல்லுக்கு நீங்கள் பூசிய கையோடு கிழவர் படுத்தார், எழும்பவில்லை. அந்தக் குறி மட்டும் தப்பியது.

தப்பித்தான் இருந்தது, அண்ணை. கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், நேற்றுப் பூசியது போல. கீழே கிழவரின் பெயர். எங்களைக் கூட்டிக்கொண்டு போனவள் நல்ல பிள்ளை, பிரெஞ்சில் மெல்லிய குரலில் விளக்கினாள். இது சிற்பி சாவதற்கு முன் தன் கையால் இட்ட கடைசி அடையாளமாம். மேல்கோடு வானம், நடுக்கோடு பூமி, கீழ்க்கோடு மனிதன். மனிதனின் கோடு பாதியில் மெலிந்து அறுந்துபோவது வாழ்க்கையின் நிலையாமையாம். சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அக்கா என் முழங்கையில் இடித்து என்னவாம் என்று கேட்டா. சொன்னேன்.

“மனிசனும் மண்ணாங்கட்டியும். அது இவற்றை மோதிரவிரல். கல்லு விழுந்து நுனி போன விரல். அவவுக்கு வடிவாச் சொல்லும்.”

என் பிரெஞ்சு மூலைக்கடைத் தெப்பனேரில் பால் வாங்கப் போதும், சைவ சித்தாந்தத்துக்குக் காணாது. இருந்தும் சாம்பல், நெற்றி, சிவன், உங்கள் பெயர், உங்கள் விரல் எல்லாவற்றையும் போட்டுக் குழைத்துச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. அப்படியென்றால் கலைஞர் உங்கள் பண்பாட்டையும் உள்வாங்கியிருக்கிறார், எவ்வளவு பரந்த மனம் என்று உருகினாள். பூசியது அவரில்லை, இந்த அம்மாவின் கணவர் என்று மறுபடியும் சொன்னேன். உதவியாள் ஒருவர் இருந்ததாகத் தங்களுக்குத் தெரியாதே என்றாள். அவர் இங்கே வேலை செய்யும் படம் ஏதும் உண்டா என்று கேட்டாள், மிகவும் மரியாதையாக. உங்கள் படங்களை எனக்குத் தெரியாதா? எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கலியாண வீட்டில் வாய் நிறையச் சோறோடு இருப்பீர்கள்.

நாங்கள் இப்படி வாதாடுவதற்குள் அக்கா பெட்டிக்குக் கிட்டப் போய்விட்டா. மூன்று விரல்களையும் கண்ணாடியில், உங்கள் கோடுகளுக்கு நேரே வைத்து மெதுவாக இழுத்தா. காவலாள் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தான். “மடாம்” என்றான். அவ கையை எடுக்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, அக்காவின் விரலடையாளத்தைக் கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்தான். உங்கள் சாம்பலுக்கு ஆறு, நீங்கள் பூசிய சாம்பலுக்குக் கண்ணாடிப் பெட்டி.

 மெட்ரோவில் இறங்கும்போது அக்கா சொன்னா: “அவரை அங்கை தனிய விட்டுப்போட்டு வாறன் போல கிடக்கு, தம்பி.”

இதை நான் இப்போது வீடு வீடாகச் சொல்லித் திரிகிறேன். ஊர்வம்பைப் பகிடியாக்கி விற்கிறவனுக்கு வேறென்ன பிழைப்பு? வானம், பூமி, மனிதன் என்று கையை ஆட்டி, உங்கள் மோதிரவிரலில் கொண்டுவந்து முடித்தால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கர்க்லாண்ட்காரர் உங்களைத் தனக்கு நல்லாத் தெரியும் என்று இப்போது சொல்கிறார். அந்தச் சிரிப்பு அடங்க முதல் நான் தேத்தண்ணியைக் கையில் எடுத்துவிடுவேன். கதையில் அந்தக் காவலாள் துணியை எடுத்த இடத்துக்கு இன்னும் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை. எனக்கே அதைச் சொல்லும் வகை தெரியவில்லை, அண்ணை. என்னிடம் அப்படியே கிடக்கிறது.