அப்பா அப்பாதானா என்று கை தூக்கியவர்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அண்ணன் உன் சித்தப்பாவை நம் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். உன் அப்பா கூப்பிட்டுத்தான் அவர் வந்தார். கூப்பிட்ட மனிதர் உள்ளே இருக்கும்போதே, கூப்பிட்டது அவர் இல்லை என்று சொல்லி அனுப்பினான். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு வலது கால் கொஞ்சம் ஊன்ற வருகிறது, வலது கை இன்னும் வரவில்லை. எனக்கு முழங்கால் தவிர உடம்பில் குறை இல்லை. மனசில் இருப்பது வலி இல்லை, அருவருப்பு.

நடந்ததைக் கேள். போன மாதம் ஒரு காலை அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சாரியில் சித்தப்பா கடை ஷட்டரைத் தூக்குவது அங்கிருந்து தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்து, தம்பி என்றார். பக்கவாதம் வந்த நாள் முதல் அவர் வாயில் முழுசாக வந்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று. வரச் சொல்லவா என்று கேட்டேன், தலையாட்டினார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை மாறி ஆடுகிற குழப்பம் அவருக்கு இப்போது உண்டு, அதனால் வர வேண்டாமா என்று திருப்பிக் கேட்டேன். இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினார். அந்தத் தட்டு உனக்குத் தெரியும், உன் மதிப்பெண் அட்டையைப் பார்த்துத் தட்டிய அதே தட்டு. நான் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய மெத்தைக் கடையை, பெரிய ஆர்டர் முடிய வேண்டிய வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போய், எதிரிலேயே தனிக்கடை போட்டவர் அவர். என் பிணத்தைக்கூட அவன் பார்க்கக் கூடாது என்று அப்பா அன்று சொன்னதும், அதன் பிறகு தெருவின் அந்தப் பக்கம் நடக்கவே இல்லை என்பதும் நீ அறிந்ததுதான். நான் போனில் சொன்னதும் திங்கட்கிழமை வரேன் அண்ணி என்று மட்டும் சொன்னார்.

இடையில் வந்தது ஞாயிற்றுக்கிழமை. தையல் கடை மாடியில் எங்கள் ஞாயிறு வட்டம் கூடுவது பற்றி எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நடத்துகிறார். ‘நான் என்பது யார்’ என்பதுதான் இந்த வருஷத்துப் பாடம், பழைய கிரேக்கர்களில் ஆரம்பித்து இன்றைக்கு வரைக்கும். ஆளுக்கு ஒரு தத்துவஞானியை எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அவர் பக்கமே பேச வேண்டும், அந்தப் பெயராலேயே கூப்பிடுவார்கள். உன் அண்ணனுக்கு, ஞாபகம்தான் ஆள் என்ற ஞாபகக்காரர். எனக்கு, ஆள் என்பது வெறும் அனுபவ மூட்டை என்ற மூட்டைக்காரர். எட்டாவதோடு நின்றவளுக்கு எதற்கு மூட்டை என்று வட்டத்துக்கு வரும் பல் டாக்டரம்மா சிரித்தாள், வட்டத்து அலமாரியில் இருந்த புத்தகம் முழுவதையும் நான் படித்து முடித்த பிறகு சிரிப்பதில்லை. அந்த ஞாயிறு அப்பாவுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. நான் இல்லாத கூட்டத்தில் உன் அண்ணன் எழுந்து, ஒரு மனிதருக்கு மூளையில் அடி, ஞாபகம் போய்விட்டது, குணம் மாறிவிட்டது, முன்பு வெறுத்த ஆளை இப்போது தேடுகிறார், இவர் அதே மனிதர்தானா, யார் விருப்பத்தை மதிப்பது, பழைய அவர் விருப்பத்தையா இப்போதைய இவர் விருப்பத்தையா என்று கேட்டிருக்கிறான். யார் என்று சொல்லவில்லையாம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். விவாதம் நடந்து, டீ குடித்து, கடைசியில் வழக்கம்போல் கை தூக்கச் சொன்னார்கள். இவர் அவர் இல்லை என்று ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். கைதட்டலும் உண்டாம். பெற்ற தகப்பனை மேசைமேல் போட்டு, பிஸ்கட் கடித்துக்கொண்டு, இருக்கிறாரா இல்லையா என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மறுநாள் வாசல் மணி அடித்தபோது நான் குளியலறையில் அப்பாவுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு வந்தால் வழுக்கி விழுந்துவிடுவார். சித்தப்பாவின் குரல் கேட்டது, அப்பாவின் முதுகு என் கைக்கடியில் நிமிர்ந்தது. பிறகு உன் அண்ணன் குரல், பிறகு கதவு சாத்தும் சத்தம். அவருக்குத் துண்டு சுற்றி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் வருவதற்குள் படிக்கட்டில் யாரும் இல்லை. ஒரு தலையணை மட்டும் இருந்தது. முதுகுக்குச் சாய்வாக, ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் தாழ்வுமாகச் சித்தப்பாவே தைத்துக் கொண்டுவந்தது. அதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றிருக்கிறான். என்னடா செய்தாய் என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது. “அப்பா என்ன சொன்னாரோ அதைத்தான்மா செஞ்சேன். உள்ள இருக்கிறது அப்பா இல்ல. வட்டத்துல எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க” என்றான். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா டிவியில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் பார்த்துச் சிரித்த அன்று அவன் சமையலறையில் நின்று அழுததை நான் பார்த்தேன். அவனுக்கு வேண்டியது தையல் கோணினால் பிரித்து எறிகிற அந்த அப்பா. அவர் சொன்ன கடைசி உறுதியான சொல்லைக் காப்பாற்றினால் அவரையே காப்பாற்றியதாக நினைக்கிறான். புரிகிறது. புரிந்ததால் மன்னித்துவிட வேண்டும் என்று சட்டம் இல்லை.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு நர்ஸை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு நான் வட்டத்துக்குப் போனேன். பேராசிரியர் பத்து நிமிஷம் என்றார், எல்லோர் டீயும் ஆறிப்போகும்வரை பேசினேன். அந்தப் புத்தகத்துப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டேன். உடம்பு சிறை, உள்ளே இருக்கிற ஆன்மாதான் ஆள், அது இரண்டு குதிரை பூட்டிய தேரை ஓட்டுகிறது என்றார் கிரேக்கர். சிறை என்றவருக்கு மரத்துப்போன காலைத் தேய்த்துவிட்டுப் பழக்கம் இல்லை. அவருடைய மாணவர் கொஞ்சம் தேவலை, கண்ணுக்குப் பார்வை எப்படியோ அப்படி உடம்புக்கு உயிர், பிரித்துப் பேசாதே என்றார். அவர் பக்கம் பேச எடுத்துக்கொண்ட தபால்காரர் ஒருவர்தான் அன்று கை தூக்காதவர். தேரைக் கழற்றி, சக்கரம் தேரா, அச்சு தேரா, அப்படியானால் தேர் எங்கே என்று கேட்ட பௌத்தத் துறவி ஒருவர். அவராவது ஆசையை விடுவதற்காகச் சொன்னார், வீட்டுக்கு வந்தவரைத் துரத்துவதற்காக இல்லை. அடுப்போரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிரெஞ்சுக்காரர், நினைக்கிறேன் அதனால் இருக்கிறேன் என்றார், உடம்பு வெறும் எந்திரம் என்றார். அந்த அடுப்புக்கு விறகு போட்டது யார் என்று எந்தப் புத்தகத்திலும் காணோம். பிறகு நம் வீட்டைக் கெடுத்த ஞாபகக்காரர். இளவரசனின் ஞாபகம் செருப்புத் தைப்பவன் உடம்பில் புகுந்தால் அவன்தான் இளவரசன், ஞாபகம் எட்டுகிற தூரம்தான் ஆள் என்றவர். அப்படியென்றால் உன் அண்ணன் தொட்டிலில் கிடந்தது அவனுக்கு ஞாபகம் இல்லை, நான் யாருக்குப் பால் கொடுத்தேன் என்று கேட்டேன். என்னுடைய மூட்டைக்காரர் தனக்குள் தேடிப் பார்த்தாராம், சூடு, குளிர், கோபம், வலி என்று ஒரு மூட்டைதான் கிடைத்ததாம், ஆளைக் காணவில்லையாம். வருஷம் முழுக்க அவருக்காக வாதாடினேன், சீ என்று அங்கேயே உதறினேன். ஊரே கடிகாரம் திருத்திக்கொள்ளும்படி நேரம் தவறாமல் நடந்த ஜெர்மன்காரர், எல்லா அனுபவத்தையும் கோத்து நிற்கிற ஒரு நான் உண்டு, ஆனால் அதைக் காட்ட முடியாது என்றார், மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்றும் சொன்னார். அந்த இரண்டாவதை மட்டும் உன் அண்ணன் படிக்கவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் வந்தவர்கள், நீ தேர்ந்தெடுப்பதுதான் நீ என்று காபிக் கடையில் உட்கார்ந்து சொன்னவர், நான் என்பதே கட்டுக்கதை என்றவர், மனிதனை எந்திரத்தில் போட்டு இரண்டு நகல் எடுத்தால் எது அசல் என்று கேட்கிறவர். பல் டாக்டரம்மாவுக்கு அந்த நகல்காரர். இது வெறும் சிந்தனைப் பயிற்சிதாம்மா, மனசுல வச்சுக்காதீங்க என்றாள். பயிற்சிக்கு உங்க வீட்டுக்காரரை எடுத்துக்குங்க, அவர்தான் நல்லா இருக்காரே, தாங்குவார் என்றேன். இந்தத் தத்துவஞானிகளில் முக்கால்வாசிப் பேர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள். ஒருத்தராவது இன்னொரு மனிதரின் வாயைத் துடைத்துவிட்டு வந்து அந்தப் பக்கத்தை எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். நான் என்பதைத் தனக்குள்ளேயே தேடினார்கள் எல்லோரும். நம்மை நாமாக வைத்திருக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் இருந்தால் அந்தப் புத்தகம் எங்கள் அலமாரிக்கு வரவில்லை.

இதெல்லாவற்றையும்விட எனக்குக் குமட்டுவது எது தெரியுமா. அப்பாவுக்கு ஞாபகமே போகவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் முதல் வாரமே சொன்னாள், போனது வார்த்தை, ஞாபகம் இல்லை என்று. உன் அண்ணன் அப்போது பக்கத்தில்தான் நின்றான், செல்போனைப் பார்த்துக்கொண்டு. வாதாட எடுத்துக்கொண்ட ஆளின் அளவுகோலையாவது ஒழுங்காக வைத்துப் பார்த்தானா, இல்லை. வட்டத்திலிருந்து திரும்பி வந்து நான் அப்பா எதிரில் உட்கார்ந்தேன். அவனையும் பக்கத்தில் நிற்க வைத்தேன். கடையை விட்டுப் போனது, அந்த ஆர்டர், நீங்கள் சொன்ன சொல் எல்லாம் நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். வாய் கோணி, வார்த்தை வராமல், அவருக்கு நெற்றி வியர்த்தது, நானும் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தேன். கடைசியில் வந்தது. “மறக்கல. போதும்.” அவ்வளவுதான். உன் அண்ணன் வெளியே போய்விட்டான். மறந்தே போயிருந்தாலும் அவர் கூப்பிட்டதுதான் கூப்பிட்டது, இதில் நான் ஒரு அடி விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உனக்கும் ஒரு வார்த்தை உண்டு. அப்பா அப்பா மாதிரியே இல்லம்மா, பார்க்கவே முடியல என்று நீ சொன்னாய், அதன் பிறகு போனை எனக்கு மட்டும்தான் போடுகிறாய். நீ கை தூக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். உன் அண்ணன் தெருவைத் தாண்டிப் போய், சித்தப்பா கடையில் வேலையாட்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டு, கையோடு அழைத்துக்கொண்டு வர வேண்டும், போனில் சொல்லித் தப்பிக்கக் கூடாது. சித்தப்பாவிடம் நான் பேசிவிட்டேன், அவன் வந்து கூப்பிட்டால் ஒழியப் படியேற மாட்டேன் என்கிறார், அவருக்கும் அப்பாவின் பிடிவாதம்தான். பேராசிரியர் அந்தக் கை தூக்கலை ரத்து செய்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அதுவரை நான் அந்த மாடி ஏறுவதாக இல்லை. நீ இந்த வாரமே அண்ணனைக் கூப்பிட்டு, அவன் உன் பேச்சைக் கேட்பான், உரைக்கும்படி சொல். பிறகு அப்பாவிடம் பேசு, அவருக்கு ஒரு வார்த்தை வர நேரமாகும், போனை வைத்துவிடாமல், நீயாகச் சொல்லி முடிக்காமல் காத்திரு. என் வேலை கதவைத் திறந்து வைப்பது, அன்றிலிருந்து பகல் முழுக்க திறந்துதான் இருக்கிறது.

குழந்தை தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். குளிர் காலம் வருகிறது, மாப்பிள்ளையின் இருமலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்.

உன் அம்மா.

கீழே இருப்பது அப்பா இடது கையால் போட்டது. பழைய கையெழுத்துபோல் இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்காதே. படி.

அப் பா