மதுசூதனன் இருக்கும் இடம்

மே 12, திங்கள்

பூட்டு வாங்கிவிட்டேன், கிரில் கேட்டுக்கு. கடைக்காரர் "சைக்கிளுக்கா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணாவுக்கு என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை நடந்ததை இரண்டு நாளாக எழுதக் கை வரவில்லை. நான் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, திருவெறும்பூர் போய்விட்டார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த ஸ்கூல். ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷம் ஆகிறது. கோடை விடுமுறை வேறு. பூட்டிய கேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்றுகொண்டு, முதல் பீரியட் போச்சே என்று தவித்திருக்கிறார். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலையரசன் அவரிடம் படித்தவன். அவன்தான் உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். "சார் கொட்டின கொட்டுலதான் மேடம் எனக்கு வாய்ப்பாடே வந்துச்சு" என்றான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

பெங்களூரிலிருந்து கோவிந்த் போன் செய்தான். அண்ணாவின் ஒரே பிள்ளை. "இன்னொரு தடவை அப்பா இப்படிப் போனா கோயம்புத்தூர் முதியோர் ஹோம்தான் அத்தை. உங்களாலயும் முடியாது. ஆகஸ்ட்ல வரேன், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

என்னால் முடியாதாம். ஐந்து வருஷத்துக்கு முன் மன்னி போய் அண்ணா தனியானபோது, கல்யாணமும் இல்லை காட்சியும் இல்லை, பென்ஷன் இருக்கிறது என்று ஒரு பெட்டியோடு இங்கே வந்தவள் நான். அன்றிலிருந்து யார் பார்த்துக்கொள்கிறார்களாம்?

மே 15, வியாழன்

புத்தூரில் டாக்டர். முன்பு கொடுத்த மாத்திரை அண்ணாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, காலையில் விழுங்கினால் பதினோரு மணிக்கு வாந்தி. அதனால் இப்போது பேட்ச். மேல்தோலில் ஒட்டினால் மருந்து இருபத்துநாலு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குமாம். "இது மறதியைத் துடைச்சுப் போட்டுடாதும்மா. இருக்கிறதைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கும்" என்றார் டாக்டர். கொஞ்ச நாள் போதும் எனக்கு. யாருக்கு மொத்தமாகக் கிடைக்கிறது?

நர்ஸ் ஜென்சி சொல்லிக் கொடுத்தாள். பழசை எடுத்துவிட்டுத்தான் புதுசு. தினமும் வேறு இடம். எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. ஒட்டியபின் முப்பது எண்ணும் வரை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். புஜம், மார்பு, முதுகு எதிலும் ஒட்டலாம், முதுகு ரொம்ப நல்லது என்றாள். முதுகில் இருந்தால் ஒட்டியிருக்கிறதா விழுந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? புஜத்தில்தான் ஒட்டப்போகிறேன், அம்மை குத்தின இடத்தில்.

மே 16, வெள்ளி

முதல் பேட்ச், வலது புஜம். ஒட்டுவதற்கு முன் அதன் மேல் பால் பாயின்ட் பேனாவால் 16/5 என்று போட்டேன். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்திய கை, தேதி இல்லாமல் எதையும் விடாது. "என்னடி பிளாஸ்திரி, எங்கே அடிபட்டுது?" என்றார் அண்ணா. மருந்து என்றேன். சரி என்று கையைக் கொடுத்தார்.

மே 23, வெள்ளி

ஏகாதசி. மாத்திரை நாட்களில் ஏகாதசி வந்தால் எங்கள் வீட்டில் யுத்தம் நடக்கும். வாயைத் திறக்கவே மாட்டார். இன்று வாய் வழியாக எதுவும் போகவில்லை, விரதமும் கெடவில்லை, மருந்தும் தவறவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரரோ, அவர் குடும்பம் க்ஷேமமாக இருக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

ஒரு மாற்றமும் இல்லை.

வலது புஜம், இடது புஜம், மார்பு என்று மாற்றி மாற்றித்தான் ஒட்டுகிறேன். என்ன பிரயோஜனம்? இன்று பத்து மணிக்குள் நாலு தடவை "செங்கமலம் எங்கே?" என்று மன்னியைக் கேட்டுவிட்டார். நாலாவது தடவை கத்திவிட்டேன். "மன்னி போயாச்சு அண்ணா. போயி அஞ்சு வருஷம் ஆச்சு. எத்தனை தடவைதான் சொல்றது நான்?" அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல் அவர் முகம்— சீ, என்ன ஜென்மம் நான்.

அப்புறம் கிரில் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். சாவி என் கழுத்துக் கயிற்றில். அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு மேல் அந்தச் சத்தம்தான் கேட்டது.

ஜூன் 19, வியாழன்

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். ஒரு மாதம் ஆயிற்று, பலனில்லை என்றால் பெரிய அளவுக்குப் போகலாம் என்று இரண்டு மடங்கு மருந்துள்ள பேட்ச் எழுதினார். நாளை மறுநாள் முதல். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோவிந்த் வர இரண்டு மாதம்கூட இல்லையே.

வெளியே வரும்போது ஜென்சி ஒன்று கேட்டாள். "பழசை மடிச்சுத்தானேம்மா குப்பையில போடுறீங்க?"

"நான் எங்க போடறேன், குளிக்கும்போது அவரே எடுத்துடறார்."

"குளிக்கும்போது எடுக்கவே வேண்டாமே. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. சரி, எடுத்து எங்க போடுறாரு?"

குளியலறையை நான்தான் கழுவுகிறேன், குப்பையை நான்தான் கொட்டுகிறேன். ஒரு பேட்சைக்கூடப் பார்த்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணா ஐந்தரைக்குக் குளிப்பார். ஆறு மணிக்கு நான் பேட்ச் ஒட்டுவேன். பிறகு பெருமாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருமண் இட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, அப்பா காலத்துச் சட்டம். வெளியே வரும்போது மேலே உத்தரீயம் போர்த்தியிருக்கும். மறுநாள் குளித்துவிட்டு வந்தால் உடம்பில் பேட்ச் இருக்காது. குளிக்கும்போது எடுத்தார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இன்று சட்டத்தை மீறி எட்டிப் பார்த்தேன்.

சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்துக்கொண்டு, பெருமாள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி நாமம் இட ஆரம்பித்தார். கேசவன், நெற்றி. நாராயணன், வயிறு. மாதவன், மார்பு. கோவிந்தன், கழுத்து. விஷ்ணு, வயிற்றின் வலப்பக்கம். அடுத்து மதுசூதனன், வலது புஜம். அங்கே என்னுடைய பேட்ச் இருந்தது. ஆறு மணிக்கு ஒட்டியது, மணி ஆறே கால்கூட ஆகவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் நிதானமாக உரித்தார். திருமண் பெட்டியின் மூடியைத் திருப்பி அதன் உள்பக்கம் ஒட்டினார். பிறகு அந்த இடத்தைத் துடைத்து மதுசூதனனை இட்டார். அங்கிருந்து பன்னிரண்டாவது தாமோதரன் வரை ஒரு நாமம் பிசகவில்லை. குடித்த காபி நினைவில்லாத மனுஷர்.

உள்ளே போய் மூடியைப் பார்த்தேன். வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை. 16/5 முதல் 19/6 வரை, ஒரு நாள் விடாமல், காலண்டர் மாதிரி. இன்றைய 20/6 ஆறாவது வரிசையின் முதல் ஆள்.

மார்பில் மாதவன், வலது புஜத்தில் மதுசூதனன், இடது புஜத்தில் ஸ்ரீதரன். நான் மாற்றி மாற்றி ஒட்டிய மூன்று இடமும் நாமம் இடுகிற இடம். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லையே. பெண்டுகளுக்கு நெற்றியோடு சரி, மிச்சப் பதினொன்றைப் பற்றி நான் எங்கே நினைத்தேன்?

கோபத்தோடுதான் கேட்டேன். "ஏன் அண்ணா இப்படிப் பண்றேள்? மருந்துன்னு சொன்னேனே."

"அது மதுசூதனன் இருக்கற எடம்டி. அவனை எங்கே போகச் சொல்றது?"

"சரி, குப்பையிலயாவது போடக் கூடாதா? இதை ஏன் சேர்த்து வெச்சிருக்கேள்?"

"நீ தேதி போட்டுக் குடுத்திருக்கே. தேதி போட்டதைத் தூக்கிப் போடலாமோ?"

சமையலறைக்கு வந்து அழுதேன். பேட்ச் வேலை செய்யவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை வேலை செய்ய எங்கே விட்டோம்? நாளைக்கு இரண்டு மடங்கை, அவர் உரிக்காத முதுகில் ஒட்டியிருந்தால், மருந்தே பழகாத இவர் உடம்பு என்ன ஆகியிருக்கும்? அந்த ஒரு கேள்வி கேட்டாளே ஜென்சி, அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

ஜூன் 21, சனி

டாக்டர் போனில் சொன்னார்: பெரியது வேண்டாம், பழைய அளவையே முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இனிமேல் முதுகில்.

முதுகில் எங்கே ஒட்டுவது என்று அண்ணாவையே கேட்டேன். பின்பக்கம் கையைக் கொண்டுபோய்க் காட்டினார். "கீழே பத்மநாபன். மேலே பிடரியில தாமோதரன். நடுவுல ரெண்டு பக்கமும் காலி மனைதான், ஒட்டிக்கோ."

அனுமதி கிடைத்தாயிற்று.

ஜூலை 5, சனி

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விடமாட்டேன் என்கிறார். எண்ணெய் முதுகில் பேட்ச் நிற்காது. கடைசியில் தலைக்கு மட்டும் எண்ணெய், முதுகுக்கு இல்லை என்று உடன்பாடு. வாத்தியாரோடு பேரம் பேசி ஜெயித்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஜூலை 28, திங்கள்

ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் ஐந்து வாரமாகப் பலனைப் பற்றி எழுதவில்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது. காலையில் கோவிந்த் ஆகஸ்ட் பதினாறாம் தேதி வருகிறான் என்றேன். சாயங்காலம் தானாகவே "இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு அவன் வர" என்றார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பத்தொன்பது.

செங்கமலம் எங்கே என்பது இன்னும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை. இப்போதெல்லாம் "பெருமாள்கிட்ட இருக்கா அண்ணா" என்கிறேன். "ஆமாமாம்" என்று தலையாட்டுகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோவிந்த் நேற்று வந்தான். பேண்ட் பாக்கெட்டில் ஹோமின் நோட்டீஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

இன்று காலை பெருமாள் அறை வாசலில் அவனையும் நிற்கவைத்தேன். இப்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. பன்னிரண்டாவது நாமம் முடிந்ததும் அண்ணா "ம்" என்பார். நான் உள்ளே போவேன். பழசை எடுப்பேன், தேதி போட்ட புதுசை மறுபக்கம் ஒட்டுவேன், கையால் அழுத்திக்கொண்டு முப்பது எண்ணுவேன். பெருமாளுக்கு முன்னால் நடப்பதால் அவர் கையை அங்கே கொண்டுபோவதே இல்லை. கோவிந்த் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் மத்தியானம் அண்ணா அவனை ஒரு தடவை "தம்பி, எந்த கிளாஸ் நீ?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை முகம் வாடிப்போயிற்று. ரயிலுக்குக் கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னான்: "தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் அத்தை. நடுவுல ஒரு தடவை வெளியே போயிட்டாலும், அப்புறம் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்."

பூட்டு இருக்கிற வரைக்கும் எங்கே போவார்? ஆனால் பூட்டி வைத்து ஜெயிப்பது ஒரு ஜெயமா?

செப்டம்பர் 3, புதன்

பேட்ச் இருந்த இடத்தில் லேசாகச் சிவப்பு. பயந்துபோய் ஜென்சிக்கு போட்டோ அனுப்பினேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறேன். காலி மனையை இப்போது பதினாலு கட்டமாக நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், கடிதம் பிரிக்கிற அலமாரி மாதிரி.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல். ஏழு மணிக்கே கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அவ்வளவுதான் தெரியும்.

"வைதேஹி" என்று கூப்பிடுகிற குரலில் கண்ணைத் திறந்தேன். நன்றாக விடிந்திருந்தது. அண்ணா குளித்து, பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கையில் பிரிக்காத பேட்ச், இன்னொரு கையில் என் பேனா.

"மணி ஏழாயிடுத்து. 'ம்'னு எத்தனை தடவை சொல்றது? வந்து தேதி போட்டுக் குடு."

எழுந்து உட்கார்ந்ததும் வாசல் பக்கம்தான் பார்த்தேன். கிரில் கேட்டில் பூட்டு திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி நான் பூட்டவே இல்லை.

"அண்ணா, வாசல் திறந்திருக்கே. நீங்க வெளியே போனேளா?"

"போனேனே. பால் பை கேட்டுக்கு வெளியில தொங்கித்து, எடுத்துண்டு வந்தேன். சமையலறையில வெச்சிருக்கேன் பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உள்ளே வந்துட்டேன். உனக்கு உடம்பு கொதிக்கறது. விட்டுட்டு எங்கேடி போவேன்?"

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தேதி போட்டேன், 14/10. எழுத்து கோணல் மாணலாக வந்தது. ஒட்டிக் கையால் அழுத்தினேன். என்னால் எண்ண முடியவில்லை. அவரே எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, வகுப்பில் எண்ணுகிற குரலில். முப்பது வந்ததும் "போறும், கையை எடு" என்றார். அடுத்த நிமிஷம், "செங்கமலம் எழுந்துட்டாளோ?"

"பெருமாள்கிட்ட இருக்கா அண்ணா."

"ஆமாமாம்."

மத்தியானம் கோவிந்தைக் கூப்பிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. பூட்ட மறந்தது, கேட் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தது, எல்லாம் சொன்னேன். பால் பை, பேட்ச், பேனா, அவர் என்னை எழுப்பினது, அதையும் சொன்னேன்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தீபாவளிக்கு வரேன் அத்தை. உங்களுக்கு என்ன வாங்கிண்டு வரட்டும்?" என்றான்.

"நல்ல பேனாவா நாலு வாங்கிண்டு வாடா" என்றேன். "இங்கே இன்னும் நிறையத் தேதி போட வேண்டியிருக்கு."