ஒரு கையால் தூக்கிய கவசம்

என் அருமை மச்சான் மணியத்துக்கு, நீ இருந்தவரை கேலியைத் தவிர வேறு பேசாதவன் பிரியத்தோடு எழுதுவது.

முதலில் ஊர்ச் செய்தி. வெள்ளைக்காரன் போகப்போகிறான். நம் காஜா பெராங் ஊரில் வாசலுக்கு வாசல் கொடி. கொடித்துணி விற்பவர் யார் தெரியுமா? உன் முதலாளிதான். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று அவசரகாலம் வந்தபோது முள்கம்பி விற்றார்; சுதந்திரம் வருகிறது என்றதும் கொடி விற்கிறார். விழாக் குழுத் தலைவரும் அவரே. கோப்பிக் கடையில் என் காதுபடச் சொன்னார்: "சண்டை இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும்லா. இழுத்தா நமக்குத்தானே நல்லது?" நான் சிரித்தேன். கோப்பி அவர் வாங்கிக் கொடுத்தது.

என் சிரிப்பு உனக்குத் தெரியாததா? பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றும் லாரிகளுக்கு இரும்புக் கவசம் போடும் குத்தகையை அவர் எடுத்திருந்தார். பச்சைச் சாயம் காயாத உன் லாரியை என் வீட்டு முன்னால் நிறுத்தினாய். கதவைத் தட்டினேன். தகரச் சத்தம். "என்ன மச்சான், முதலாளி உன்னை பிஸ்கட் டின்ல அடைச்சிட்டாரா?" என்றேன். தெருவே சிரித்தது, நீயும்தான். சோதிக்க வந்த அதிகாரி, முதலாளி வீட்டு நாற்காலியில் விஸ்கியோடு உட்கார்ந்தபடியே சாயத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். அதுவும் எனக்குத் தெரிந்த கதைதான். ஓட்டாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா? அடுத்த வாரம் ரப்பர் மரங்கள் அடர்ந்த கித்தாத் தோட்டத்து வளைவில், குண்டு அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது.

போன வாரம் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். வாழ்த்துமடல் எழுத என்னைப் பிடித்தார்கள். என் மடல் எப்படி என்று தெரியுமே: கல்யாண மாப்பிள்ளைக்கும் ஓய்வுபெறும் ஆபீஸ் கிராணிக்கும் ஒரே 'வள்ளலே' பாட்டு, பெயர் மட்டும் மாறும். இம்முறை ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நாட்டுக்காக உயிர்விட்ட தன் டிரைவரின் மனைவிக்கு அவர் மேடையில் சேலை வழங்குகிறாராம். என் தங்கை, உன் லெட்சுமி, அவர் காலைத் தொட்டு நன்றி சொல்லவேண்டும். மாட்டேன் என்றால்? அவள் குடியிருப்பது அவர் வீட்டில்.

சொல்லப் போனேன். கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். "வாறேண்ணே. நீ எழுதி வாசி. சட்டம் போட்ட மடலை நான் கொண்டாறேன்."

வழக்கம் உனக்குத் தெரியும். வாசித்து முடித்ததும், காகிதம் சுற்றிய மடல் சட்டத்தைப் பாராட்டுப் பெறுபவர் வாங்கி, தானே பிரித்துச் சபைக்குக் காட்டவேண்டும். வாசித்தேன். வள்ளல் என்று வந்த இடத்திலெல்லாம் கைதட்டினார்கள். லெட்சுமி பொட்டலத்தை நீட்டினாள். அவர் ஒரு கையால் தலைக்குமேல் தூக்கி, மறு கையால் காகிதத்தைக் கிழித்தார்.

பச்சைச் சாயம். நடுவில் துளை. பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கி, இத்தனை காலம் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்திருந்தாளே, உன் லாரித் தகடு.

"கனமா இருக்கா, முதலாளி?" என்றாள்.

முன்வரிசை லாரிக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இரும்பென்றால் இரண்டு ஆள் பிடிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? அவருக்கு அதை இறக்கவும் தெரியவில்லை, பிடித்திருக்கவும் தெரியவில்லை. நான் மைக்குக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். என் தொப்பை இடம் கொடுக்கவில்லை. அதனால் முதல் தடவையாக, யாரையும் சிரிக்கவைக்காமல் பேசினேன். "அன்னிக்கே தட்டிப் பார்த்தேன். தகரம்னு தெரியும். சொல்லாம சிரிச்சவன் நான்தான்."

தகட்டை மேடையிலேயே போட்டுவிட்டுப் போனவர், மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். லெட்சுமி இப்போது என் வீட்டில், கோழிகளும்தான். தலைவர் பதவியில் அவர் அசையவில்லை, தெருவெங்கும் அவர் கொடிதான். ஆனால் லாரிக்காரர்கள் ஏறுமுன் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். தகரம் என்றால் ஏறுவதில்லை.

உன் தகடு என் வாசலில் தொங்குகிறது, மச்சான். இனி எந்த வள்ளல் மடல் கேட்டு வந்தாலும் முதலில் அதைத் தட்டவேண்டும். அந்தச் சத்தத்தை அவரும் நானும் சேர்ந்து கேட்காமல் பேனாவைத் திறக்கமாட்டேன். இது உனக்குக் கொடுத்த வாக்கு.

தட்டிப் பார்த்தும் தடுக்காத
உன் பெண்டாட்டியின் அண்ணன்